கிரீஸ் கையோடு ஒரு ஏர் வைஸ் மார்ஷல்



ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். கடைசிப் பக்கத்தில் மை கொஞ்சம் கலைந்திருக்கிறது. கண்ணீராக இருக்குமோ என்று நினைத்தேன், காப்பியாகவும் இருக்கலாம். விஷயம் இதுதான். மூத்த மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். கணக்கும் பௌதிகமும் நன்றாக வருகிறது. "எனக்கு ஆகாய விமானம் பழுதுபார்க்கும் படிப்புத்தான் வேண்டும். இல்லாவிட்டால் விமானப் படையில் டெக்னீஷியனாகச் சேர்ந்துவிடுவேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். அப்பா வாய் திறக்கவில்லை. தாய்மாமன்தான் திறந்துவிட்டார்.

"ஏன்டா மாப்பிள்ளை, உங்கப்பன் செம்பனைக் குலை வெட்டி உன்னைப் படிக்க வெச்சது ஸ்பேனர் பிடிக்கவா? பறக்கணும்னா பைலட்டா பற. கீழ நின்னு கிரீஸ் பூசிக்கிற வேலைக்கு எதுக்குடா இத்தனை படிப்பு?"

பையன் பதில் சொல்லவில்லையாம். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, மாமாவோடு பேசுவதும் இல்லை. "ஐயா, நீங்கள் நாலு நல்ல வார்த்தை எழுதினால் எங்கள் வீட்டில் படிப்பார்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அந்த அம்மா.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மகனிடம் ஏறக்குறைய இதே வார்த்தையைச் சொன்னவன் நான். அவன் கணக்கெழுதும் வேலைக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் என் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாமல், பிரித்துத் துடைத்து மாட்டிவிட்டுப் போவான். அடுத்த தீபாவளி வரை வண்டி மக்கர் பண்ணாது. அவன் பேசாததுதான் எனக்குப் பெரிய தண்டனை.

ஆகவே நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்வதைவிட, ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். மாமாவும் படிக்கட்டும்.

அவர் பெயர் ஹர்ஜிந்தர் சிங். பஞ்சாப்காரர், 1909-ல் பிறந்தவர். தமிழர் இல்லையே என்று முகம் சுளிக்காதீர்கள். ஸ்பேனருக்குச் சாதியுமில்லை, மொழியுமில்லை. லாகூரில் மெக்லாகன் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்தில் அப்படிப் படித்த ஒரு வாலிபனுக்கு இரயில்வேயிலோ பொதுப்பணித் துறையிலோ மேசை, நாற்காலி, தலைக்கு மேல் பங்கா எல்லாம் காத்திருக்கும். வீட்டார் பெண் பார்க்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். அவரோ அதையெல்லாம் விட்டுவிட்டு இராணுவத்தில் ஆகக் கீழ்ப்படியில் போய் நின்றார். அந்தப் படிக்குப் பெயர் 'ஹவாய் சிப்பாய்'. ஹவா என்றால் காற்று. காற்றுச் சிப்பாய்!

ஏன் அப்படிச் செய்தார் என்று புரிய வேண்டுமானால் அந்தக் காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1930-களின் தொடக்கம். இங்கே மலாயாவில் ரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிய காலம். அங்கே இந்தியாவில் வெள்ளைக்காரர்களின் அரசு, இந்தியருக்கென்று ஒரு விமானப் படையை அரை மனதோடு அனுமதித்திருந்தது. 1932 அக்டோபர் 8-ல் சட்டப்படி அது பிறந்தது. 1933 ஏப்ரல் 1-ல் கராச்சி டிரிக் ரோடு விமானத் தளத்தில் முதல் அணி கூடியது. அணி என்றதும் வானம் நிறைய விமானங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். வாப்பிட்டி என்ற பெயரில் நான்கே நான்கு விமானங்கள். ஆறு இந்திய அதிகாரிகள். சுமார் இருபது ஹவாய் சிப்பாய்கள். அவ்வளவுதான் படை!

அந்த வாப்பிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மேலொன்று கீழொன்றாக இரண்டடுக்கு இறக்கை. இறக்கையின் மேல் துணி போர்த்தி, அதன்மேல் ஒருவகைப் பசைச் சாயம் பூசியிருக்கும். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே கம்பிகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு கம்பி தளர்ந்தால் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். முன்னால் ஒன்பது சிலிண்டர் இயந்திரம், காற்றாலேயே குளிர்வது. கூரை கிடையாது, விமானியின் தலை வெளியேதான் இருக்கும். இதை வைத்துக்கொண்டு வடமேற்கு எல்லை மலைகளுக்கு மேலே பறந்தார்கள். சில வேளைகளில், காலையில் இயந்திரத்தைப் பழுதுபார்த்த அதே சிப்பாய்தான் மத்தியானம் பின் இருக்கையில் துப்பாக்கிக்காரராகவும் ஏறுவார். தன் கை முடுக்கிய மரையின் மேல் தானே உட்கார்ந்து பறந்தால், அந்த மரையை எவ்வளவு கவனமாக முடுக்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்!

அந்த நாளில் வெள்ளைக்காரர்கள் பலருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தியன் ஒருவேளை விமானம் ஓட்டினாலும் ஓட்டிவிடுவான், இயந்திரத்தைப் பராமரிக்க அவனால் ஆகாது என்பதுதான் அது. படை தொடங்கிய ஆரம்பக் காலத்திலேயே முதல் ஐந்து விமானிகளில் இருவர் விபத்தில் இறந்தார்கள். குறை சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அது போதாதா? இந்த இடத்தில்தான் ஹர்ஜிந்தர் சிங்கின் முடிவுக்கு அர்த்தம் இருக்கிறது. விமானிக்கு மெடல் கிடைக்கும், படம் போடுவார்கள். கீழே நிற்பவன் தவறினால்தான் அவனைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கீழே நிற்கும் இடத்தில் நம்மவன் உறுதியாக நிற்காவிட்டால் படையே நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படித்த படிப்பைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அடிப்படைச் சிப்பாயின் காக்கியைப் போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரச் சார்ஜெண்டுகளின் ஏச்சுப்பேச்சுக்கு நடுவில் அவர் வேலை செய்தார்.

அந்த முதல் அணியின் விமானிகளில் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி, வங்காளி. அவர் அதிகாரி, இவர் சிப்பாய். இராணுவத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே நம் தோட்டத்துத் துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் இருந்த தூரம் உண்டு. ஆனாலும் இருவரும் கடைசிவரை நண்பர்களாக இருந்தார்கள். முகர்ஜியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

இப்போது 1942-க்கு வருவோம். இந்த வருடத்தைச் சொன்னாலே நம் பெரியவர்களுக்கு முகம் மாறிவிடும். ஜனவரி நடுவில் ஜப்பானியர் மலாக்காவுக்குள் வந்துவிட்டார்கள். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அந்த இடைவேளையில், பிப்ரவரி 1-ஆம் தேதி, பர்மாவில் டாங்கூ என்ற இடத்துக்கு இந்தியாவின் முதல் அணி வந்து இறங்கியது. தலைவர் கருண் கிருஷ்ண மஜும்தார். 'ஜம்போ' என்பது நண்பர்கள் வைத்த பெயர். இயந்திரப் பகுதிக்குப் பொறுப்பு வாரண்ட் ஆபீசராக உயர்ந்திருந்த ஹர்ஜிந்தர் சிங். கொண்டுவந்த விமானங்கள் லைசாண்டர் வகை. பம்பாய் மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தவை அவை.

லைசாண்டர் சண்டை விமானமல்ல. எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்த்து வர, தரைப்படைக்குச் செய்தி கொண்டுபோக என்று செய்யப்பட்ட மெதுவான விமானம். வந்து இறங்கிய வேகத்திலேயே ஜப்பானியர் டாங்கூ தளத்தின் மேல் குண்டு போட்டார்கள். பதிலுக்கு என்ன செய்வது? கையில் இருப்பது இதுதான். ஹர்ஜிந்தரும் அவருடைய ஆட்களும் லைசாண்டர்களை 250 பவுண்டு குண்டு இரண்டைச் சுமக்கும்படி மாற்றியமைத்தார்கள். ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய 113 கிலோ. அந்தக் காலத்து ஒரு மூட்டை அரிசியைவிடக் கனம். மறுநாள் மஜும்தார் அப்படி ஏற்றிய ஒரு லைசாண்டரை எடுத்துக்கொண்டு, துணைக்கு வந்த இரண்டு பிரிட்டிஷ் சண்டை விமானங்களோடு, சயாமில் மே ஹாங் சோன் என்ற ஜப்பானியத் தளத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பி வந்தார். அதற்கு அடுத்த நாள் அணியே கிளம்பிப் போனது.

திரும்பி வந்தார் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு இராத்திரி முழுக்கக் கண்விழித்த சிப்பாய்கள் இருக்கிறார்கள்.

சயாம் என்று எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது. அதே சயாம் எல்லைக்குத்தான் அதற்குப் பின் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துப்போய் மரண ரயில் பாதை போட வைத்தார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அது வேறு கதை. உங்களில் பலர் வீட்டில் அந்தக் கதைக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். எழுதி அனுப்புங்கள், தனியாகவே போடுவோம்.

பர்மா கையைவிட்டுப் போயிற்று. மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. அணி இந்தியாவுக்குத் திரும்பியது. போர்க்காலச் சேவைக்காக ஹர்ஜிந்தருக்கு எம்.பி.ஈ. விருது கிடைத்தது. சிப்பாயாகச் சேர்ந்தவரை அதிகாரியாகவும் ஆக்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு படிப்படியாக உயர்ந்து, இந்திய விமானப் படையின் பராமரிப்புப் பிரிவு முழுவதற்கும் தலைமை அதிகாரியானார். பதவி ஏர் வைஸ் மார்ஷல். படையிலேயே ஆகக் கீழ்ப்படியிலிருந்து கிளம்பியவர் வந்து சேர்ந்த இடம் அது. பதவிகளின் பட்டியலை நான் வளர்த்தப் போவதில்லை. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அதற்கு முன் ஒரு சிறு கிளைக்கதை. கான்பூர் என்ற ஊர் இதில் அடிக்கடி வரும். போர் முடிந்ததும் அமெரிக்காவிலிருந்து கடனாக வந்த லிபரேட்டர் என்ற நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் குப்பை மாதிரி நிறுத்திவிட்டுப் போனார்கள் பிரிட்டிஷார். சும்மா விட்டுப் போகவில்லை. வேறு யாரும் பறக்கக் கூடாது என்று கருவிகளை உடைத்து, இயந்திரங்களில் மணல் கொட்டிவிட்டுப் போனார்கள். நாடு சுதந்திரம் பெற்று, கையில் குண்டுவீச்சு விமானமே இல்லாமல் நின்ற நேரம். பெங்களூரில் இருந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, ஓட்டையை அடைத்து, எப்படியோ பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். முன்ஷி என்ற விமானி அவற்றைச் சுமார் 1,500 கிலோமீட்டர் தூரம் ஓட்டிப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே முழுப் பழுதும் பார்த்தார்கள். இப்படி மீட்ட விமானங்கள் 42! அவற்றை வைத்து 1948 நவம்பரில் படையணி அமைத்தார்கள். 1968 வரை அவை பறந்தன. உலகத்திலேயே லிபரேட்டரைக் கடைசிவரை படையில் வைத்திருந்த நாடு இந்தியாதான். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் அரச விமானப் படைக் காட்சியகத்தில் இன்றும் ஒரு லிபரேட்டர் நிற்கிறது. 1974-ல் இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்தது அது.

இந்தக் காரியத்தை ஒரு மனிதர் பெயரில் எழுத முடியாது. எத்தனையோ பிட்டர்கள், தகரம் தட்டுகிறவர்கள், மின்கம்பி இழுக்கிறவர்கள் செய்தது. பெயர் தெரியாதவர்கள். அதனால்தான் இடையில் சொன்னேன்.

ஹர்ஜிந்தருக்கு வருவோம். பழுதுபார்க்கத் தெரிந்த கைக்குப் படைக்கவும் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. கான்பூர் பணிமனையில், தம்முடைய ஆட்களைக் கொண்டே 'கான்பூர்-1' என்ற நான்கு பேர் அமரும் சிறு விமானத்தைச் செய்ய வைத்தார். அது பெரிய அளவில் உற்பத்திக்குப் போகவில்லை, மறைப்பானேன். ஆனால் அதற்கு அடுத்து வந்தது பெரிய காரியம். ஆவ்ரோ என்ற இரட்டை இயந்திரப் பயணிகள் விமானத்தை இந்தியாவிலேயே கூட்டிச் செய்வது என்று முடிவாயிற்று. இடம் கான்பூர், பொறுப்பு ஹர்ஜிந்தர் சிங். வேலை நடந்துகொண்டிருந்த நேரத்தில், 1960 நவம்பரில், விமானப் படையின் முதல் இந்தியத் தளபதியாக உயர்ந்திருந்த சுப்ரதோ முகர்ஜி தோக்கியோவில் காலமானார். சண்டையில் அல்ல, சாப்பாட்டு மேசையில். உணவு தொண்டையில் அடைத்துக்கொண்டதாம். விதியை என்னவென்று சொல்வது!

1961 நவம்பர் 1-ஆம் தேதி, கான்பூரில் கூட்டிச் செய்த முதல் ஆவ்ரோ ஆகாயத்தில் ஏறியது. அந்த விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சுப்ரதோ'.

ஹர்ஜிந்தர் சிங் 1971-ல் மறைந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் பின்னால் புத்தகமாகவும் வந்தன.

மாமா இப்போது கேட்பார்: "அது வெள்ளைக்காரன் காலம், இந்தியா பெரிய நாடு. இங்கே நம்ம பையனுக்கு அதில் என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. நம் நாட்டுக்கே வருவோம்.

மலேசிய விமானப் படை 1958 ஜூன் 2-ல் பிறந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் வந்த முதல் விமானம் டுவின் பயனியர் வகை. 'லாங் ராஜாவாலி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அங்கும் நான்கைந்து விமானம், ஒரு கை ஆட்கள் என்றுதான் ஆரம்பம். நூரி ஹெலிகாப்டரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் வந்தால் அரிசி மூட்டையோடு வரும், காட்டுக்குள் நோயாளி கிடந்தால் தூக்கிக்கொண்டு போகும். 1968-ல் சேவைக்கு வந்த நூரி 2020-ல்தான் ஓய்வு பெற்றது. ஐம்பது வருடங்களுக்கு மேல்! நடுவில் விழுந்தவையும் உண்டு, உயிர்கள் போனதும் உண்டு. அந்தக் குடும்பங்களின் வேதனையை இந்தப் பக்கத்தில் சொல்லி முடியாது. மற்றபடி, அத்தனை ஆண்டுகள் ஓர் இரும்புப் பறவை பறந்தது என்றால் ஒவ்வொரு காலையும் அதன் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு, நம்மவரும் உண்டு.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று மாமாவுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கிரீஸ் பூசுவது என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டாரே!

விமானப் பணிமனையில் ஸ்பேனர்கள் மாட்டும் பலகை ஒன்று இருக்கும். ஒவ்வொரு கருவியின் இடத்திலும் அதே வடிவத்தில் நிழல் வரைந்திருப்பார்கள். வேலை முடிந்து எல்லாவற்றையும் மாட்டியபின் ஒரு நிழல் காலியாக இருந்தால் போதும், விமானம் கிளம்பாது. அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை எல்லோரும் தேட வேண்டியதுதான். காரணம், உள்ளே மறந்து வைத்த ஒரு ஸ்பேனர் ஆகாயத்தில் போய் ஒரு கம்பியில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்து, மரை முடுக்குவது. பலம் இருக்கிறது என்று நம் இஷ்டத்துக்கு முடுக்க முடியாது. எந்த மரைக்கு எவ்வளவு அழுத்தம் என்று புத்தகத்தில் இருக்கும். அளவு காட்டும் ஸ்பேனரால் அந்த அளவுக்கே முடுக்க வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. முடுக்கியபின், அதிர்வில் கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியை முறுக்கிப் பூட்ட வேண்டிய மரைகளும் உண்டு. கம்பியை எந்தத் திசையில் முறுக்குவது என்பதற்கும் விதி இருக்கிறது. பால்மரத்தில் கத்தியை எவ்வளவு ஆழம் இறக்குவது, பட்டையில் காயம் படாமல் எந்தச் சாய்வில் சீவுவது என்று நம் தாய்மார்களுக்குத் தெரியுமே, அந்த மாதிரிக் கை நிதானம் இது.

விமானியின் கைப்பிடிக்குக் கட்டுப்படும் பாகங்களில் கை வைத்தால், செய்தவர் ஒருவர், தனியாகச் சரிபார்ப்பவர் இன்னொருவர். செய்தவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த இரண்டாவது கண் வேண்டும். கடைசியில் ஏடு. என்ன செய்தேன், எதை மாற்றினேன், எந்த நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் விமானி தன் கையெழுத்தைப் போட்டு ஏறுவார். பைலட்டுக்கு முன்னால் மெக்கானிக் கையெழுத்து! மாமா இதை இரண்டாவது முறை படிக்க வேண்டும்.

சரி, அம்மா, இனி உங்களுக்குச் சில விஷயங்கள். உணர்ச்சியில் முடிவு எடுக்கக் கூடாது, அதனால் கசப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

இது இரண்டு வருடம் படித்து உடனே பெரிய சம்பளம் வாங்கும் வேலையில்லை. நம் நாட்டில் 2018 முதல் மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், சுருக்கமாகச் சாம் என்கிறார்கள், அதுதான் உரிமம் கொடுக்கிறது. ஏ, பி1, பி2 என்று பிரிவுகள் இருக்கின்றன. இயந்திரமும் உடற்பகுதியும் பார்க்கிறவருக்கு பி1, மின்னணுக் கருவி பார்க்கிறவருக்கு பி2. பாடத் தேர்வுகள் எல்லாம் தேறினாலும், பணிமனையில் ஆண்டுக்கணக்கில் அனுபவம் சேர்ந்தால்தான் கையெழுத்துப் போடும் உரிமை வரும். ஆகவே எந்தக் கல்லூரிக்காரர் வந்து அழகான படத்தாளைக் காட்டினாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் படிப்பு ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா? எந்தப் பிரிவுக்கு?" எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கீகாரமில்லாத இடத்தில் கட்டிய பணம் கடலில் போட்ட புளிதான். யுனிகேஎல் பல்கலைக்கழகத்தின் மியாட் கிளை இந்தத் துறைக்கென்றே இருப்பது. சிப்பாங் பக்கம்தான், மலாக்காவிலிருந்து ஒரு பகலில் போய் நேரில் பார்த்துவிட்டு வரலாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வாய் திறக்காமல் இருப்பது கோபத்தால்தான் என்று நீங்களாகவே முடிவு கட்டியிருக்கிறீர்கள். பணத்தை நினைத்தும் இருக்கலாம். இந்தப் படிப்புக்குச் செலவு அதிகம். கடனுதவி, உதவிச்சம்பளம் என்னென்ன கிடைக்கும் என்று கல்லூரியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு, பிறகு வீட்டில் பேசுங்கள்.

விமானப் படை வழி என்றால் செலவு குறைவு, ஆனால் ஒப்பந்தக் காலம் உண்டு, அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும், சட்டதிட்டம் கடுமை. ஆள் எடுக்கும் அறிவிப்பில் உள்ள வயதையும் கல்வித் தகுதியையும் அந்தந்த முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வழியிலும் பையனின் கண்ணை இப்போதே ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. சிவப்புக் கம்பிக்கும் பச்சைக் கம்பிக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணாக இருந்தால், பின்னால் மனம் உடைவதற்குப் பதில் இப்போதே தெரிந்துகொள்ளலாம். ஆங்கிலமும் வேண்டும். பராமரிப்புப் புத்தகங்கள் அந்த மொழியில்தான் இருக்கின்றன. கை எவ்வளவு கெட்டிக்கார கையாக இருந்தாலும் புத்தகத்தைப் படிக்காமல் ஒரு மரையைத் தொட விடமாட்டார்கள்.

மாமாவிடம் சண்டை போட வேண்டாம். அவர் பார்த்ததெல்லாம் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டருக்கு அடியில் படுத்துக் கிடந்து, சம்பளம் உயராமலே ஓய்வு பெற்ற மனிதர்களை. மருமகனும் அப்படி ஆகிவிடுவானோ என்ற பயத்தில் பேசியிருக்கிறார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது அந்தப் பட்டறைக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று நமக்குத் தெரியாதா? அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஒன்று, அந்தப் பட்டறைக்காரர்களின் கைத்திறமைக்குக் காகிதத்தில் சாட்சி இல்லாமல் போனதுதான் அவர்களுடைய நஷ்டம். உங்கள் மகன் கேட்பது அந்தக் காகிதத்தோடு கூடிய ஸ்பேனரை. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். சாப்பாடு போட்ட பிறகு சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.

இன்னொன்று. பையன் பொழுது கிடைத்தால் பத்து பிரண்டாம் விமான நிலைய வேலியோரம் போய் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1952 முதல் இருக்கிற இடம் அது. 1987-லிருந்து விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளியும் அங்கே நடக்கிறது. அடுத்த முறை போகும்போது மாமாவையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். சின்னப் பயிற்சி விமானம் ஒன்று சுற்றிவிட்டு வந்து இறங்கும். இறங்குவதைப் பார்ப்பது பெரிதல்ல, எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். விசிறி நின்று, விமானி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த பிறகு, அந்த விமானத்தை நோக்கி முதலில் நடந்து வருகிறவர் யார், வந்தவுடன் எதைத் தொட்டுப் பார்க்கிறார் என்று இருவரும் கவனித்துவிட்டு எனக்கு எழுதட்டும்.